மாத்திரை ஆரம்பித்த ஏழாவது வாரம்

நூல்கண்டு | 2024 ஜூன் 9, இரவு 10.42

எங்கள் சித்தப்பாவுக்கு 46 வயது. ஏப்ரலில்தான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அடுத்த வாரமே ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்து) மையத்தில் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். தினமும் ராத்திரி ஒன்று. ஒரு நாள் கூட விடவில்லை, சித்தி பக்கத்தில் நின்று கொடுத்தார். ஏழாவது வாரம் இறந்துவிட்டார். மாத்திரைக்கு முன்னால் நடமாடிக்கொண்டிருந்த மனுஷன். சொந்தபந்தம் எல்லாம் "அந்த மாத்திரைதான் கொன்னுச்சு, சும்மா விட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பான்" என்கிறார்கள். இப்போது சித்திக்கும் பாசிட்டிவ். மாத்திரை போட விடமாட்டேன் என்று சித்தியின் அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். மாத்திரை ஆளைக் கொல்லுமா? ஆறுதல் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிக்வண்டி | ஜூன் 9, இரவு 11.55

மாத்திரை கொல்லாது. சித்தி போடட்டும். மற்றதைப் பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

நான் டாக்டர் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டு திரிந்தவன். 2005இல் என் எடை 41 கிலோ, எதிர்ப்புச் சக்தியை அளக்கும் சிடி4 எண் 88. உள்ளூரில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ரயிலேறித் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதான் மாத்திரை ஆரம்பித்தது. 2008 முதல் 2019 வரை பாசிட்டிவ் ஆட்களின் சங்கம் ஒன்றில் களப்பணி. மாத்திரை வாங்க வராதவர்களை வீடு தேடிப் போவதுதான் வேலை. இப்போது சிடி4 640, தொப்பை தனிக் கணக்கு.

சித்தப்பா கதை எனக்குப் புதிது இல்லை. பல வீட்டுத் திண்ணைகளில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன், இதே கோபத்தோடு.

ஒரு கிணறு, அதில் மோட்டார் எட்டுப் பத்து வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். வைரஸ்தான் மோட்டார். மாத்திரை போட்டதும் மோட்டார் நிற்கிறது. டோலுடெக்ராவிர் கலந்த இப்போதைய மாத்திரை சில வாரத்திலேயே வைரஸைப் பெருமளவு அடக்கிவிடும். ஆனால் மோட்டார் நின்றதும் கிணறு நிரம்பிவிடுமா? ஊறித்தான் வரவேண்டும். எதிர்ப்புச் சக்தி ஊறுவதற்கு மாதக்கணக்காகும், சிலருக்கு வருஷக்கணக்கு. அதுவரை வறண்ட கிணறுதான். அதற்குள் விழுந்தவனுக்கு அடி பலம்.

மையத்தில் கொடுத்த சித்தப்பாவின் பச்சைப் புத்தகம் வீட்டில் இருந்தால் பாருங்கள். ஆரம்பத்தில் எடை என்ன, சிடி4 என்ன, ஹீமோகுளோபின் என்ன? இருமல், காய்ச்சல், தலைவலி ஏதாவது இருந்ததா?

ரிக்வண்டி | ஜூன் 10, காலை 6.20

ராத்திரி "மாத்திரை கொல்லாது" என்று ஒரே வரியில் அடித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. அது முழு உண்மை இல்லை.

எங்கள் காலத்து மாத்திரைகள் சிலரை எடுத்திருக்கின்றன. நெவிரபின் என்று ஒன்று. முதல் 14 நாள் ஒருவேளைதான் தருவார்கள், உடம்பு ஏற்றுக்கொள்கிறதா பார்த்துவிட்டு இரண்டு வேளை ஆக்குவார்கள். சிலருக்குத் தோல் கொப்புளித்து உரியும், சிலருக்குக் கல்லீரல் போகும். சிடோவுடின் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஏற்கெனவே சோகை பிடித்து வந்தவருக்கு அதையும் கொடுத்தால் ரத்தம் ஏற்ற ஓட வேண்டும். ஆகவே "எந்த மாத்திரையும் யாரையும் கொன்றதில்லை" என்றால் பொய்.

சித்தப்பாவுக்குக் கொடுத்தது ராத்திரி ஒன்று என்கிறீர்கள். டி.எல்.டி.யாகத்தான் இருக்கும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றில். அது சாதுவான மாத்திரை. கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் டெனோஃபோவிரைக் கவனிக்க வேண்டும், அதற்குத்தான் கிரியேட்டினின் பார்க்கிறார்கள். ஏழு வாரத்தில் ஆளை எடுக்கும் மருந்து அது இல்லை.

ரிக்வண்டி | ஜூன் 10, மதியம் 1.10

சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்று. ஆரம்ப மாதங்களில் சாவு அதிகம் என்பது என் அனுபவம் மட்டும் இல்லை. 2006இல் லான்செட் இதழில் ஓர் ஒப்பீடு வந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்காவில் மாத்திரை ஆரம்பித்த 4,810 பேர் ஒரு பக்கம், ஐரோப்பா, வட அமெரிக்காவில் ஆரம்பித்த 22,217 பேர் மறுபக்கம். முதல் மாதத்தில் ஏழை நாட்டு ஆட்களின் சாவு அபாயம் நான்கு மடங்குக்கும் மேல். ஏழாவது மாதம் தாண்டியதும் அது ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் மருந்து வைரஸை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் அடக்கியது. வந்து சேர்ந்த நிலைமைதான் வேறு: நம்மவர்களின் நடு சிடி4 108, அவர்களுடையது 234. வயது, சிடி4 எல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் அந்த நான்கு மடங்கு நின்றது. காசநோயும் சத்தில்லாத உடம்பும் நம் பக்கம் கூடுதல் என்பது என் கணக்கு.

மாத்திரைதான் கொல்கிறது என்றால் போகப்போகச் சாவு ஏறவேண்டும். இறங்குகிறதே. சித்தியின் அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அதே கட்டுரையில் என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. மருந்தைக் காசில்லாமல் கொடுத்த மையங்களில், காசு வாங்கிய மையங்களில் இருந்த சாவில் கால்வாசிகூட இல்லை. சென்னையில் 1986இலேயே டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. மாதிரிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இலவச மருந்து வந்தது 2004 ஏப்ரல் 1 அன்று. இடையில் 18 வருஷம். 2001இல் சிப்லா மருந்துக் கம்பெனி ஒருவருக்கு வருஷத்துக்கு 350 டாலர் என்று விலையை உடைத்தபோதும் எங்கள் லாரி ஷெட்டில் யாரால் அதைத் தொட முடிந்தது? என் கூட ஓட்டியவர்களில் மூன்று பேர் அந்த இடைவெளியில் போனவர்கள். நான் 2005 வரை தாங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிக்வண்டி | ஜூன் 10, இரவு 9.30

பதில் வரும்வரை என் ஊகம்: காசநோயாக இருக்கும். உடம்புக்குள் டி.பி. பதுங்கி இருக்கும். எதிர்ப்புச் சக்தி செத்துக் கிடந்தவரை சண்டை இல்லை, சத்தமும் இல்லை. மாத்திரை போட்டுச் சக்தி லேசாகத் தலைதூக்கியதும் உள்ளே அடிதடி ஆரம்பிக்கும். காய்ச்சல், நெறிகட்டு, மூச்சிரைப்பு. டாக்டர்கள் இதை ஐரிஸ் என்பார்கள். வீட்டார் கண்ணுக்கு "நல்லா இருந்தவன் மாத்திரை போட்டதும் படுத்துட்டான்" என்றுதான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கண்ணால் கண்டது அதுதானே.

அதற்காக டி.பி. இருப்பவருக்கு ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போடக் கூடாது. கம்போடியாவில் 661 பேரை வைத்துப் பார்த்தார்கள். டி.பி. மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி. ஆரம்பித்தவர்களில் சாவு, எட்டு வாரம் காத்திருந்தவர்களை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அடிதடி அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் பிழைத்தவர்களும் அதிகம்.

நூல்கண்டு | ஜூன் 12, இரவு 8.05

அண்ணா, புத்தகம் கிடைத்தது. சிடி4 31. எடை 43 கிலோ. எச்.பி. 8.1. எக்ஸ்ரே நார்மல், சளி நெகட்டிவ் என்று எழுதியிருக்கிறது. இருமல் இல்லை. தலைவலிதான். மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே இரண்டு மூன்று வாரமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். அப்புறம் வாந்தி. கடைசிப் பத்து நாள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மைக்ரேன் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ரிக்வண்டி | ஜூன் 12, இரவு 8.50

முந்தாநாள் எழுதிய டி.பி. ஊகத்தை அடித்துவிடுங்கள்.

சிடி4 31, வாரக்கணக்கில் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை. நான் பார்த்தவரை இது கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் போல இருக்கிறது. ஒரு பூஞ்சை. மண்ணில், புறா எச்சத்தில் எல்லாம் இருக்கும். நாம் எல்லாருமே மூச்சில் இழுத்துக்கொண்டுதான் திரிகிறோம். சிடி4 நூறுக்குக் கீழே போனவருக்கு அது நுரையீரலிலிருந்து மூளைச் சவ்வுக்கு ஏறும். உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போவதால்தான் அந்தத் தலைவலி. கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்தும்போது இரண்டு இரண்டாகத் தெரியும். டெஸ்ட் பண்ணாமல் உறுதியாகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை, இருந்தாலும் பந்தயம் கட்டச் சொன்னால் இதில்தான் கட்டுவேன்.

இனி சொல்லப்போவது உங்கள் சொந்தக்காரர்களுக்குப் பாதி வெற்றி. இந்தக் காய்ச்சல் இருக்கும்போது ஏ.ஆர்.டி.யை அவசரமாக ஆரம்பிப்பது ஆபத்து. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 பேரிடம் பார்த்தது 2014இல் வெளிவந்தது. பூஞ்சை மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் ஏ.ஆர்.டி. கொடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 45 பேர் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்துக் கொடுத்தவர்களில் 30 பேர். டி.பி.யில் முந்தினால் பிழைப்பு, இதில் முந்தினால் ஆபத்து. ஒரே மாத்திரைதான்.

ஆகவே "மாத்திரை கொன்றதா" என்று கேட்டால், பூஞ்சைதான் கொன்றது. மாத்திரை அதை அவசரப்படுத்தியிருக்கலாம். மாத்திரையே போடாமல் விட்டிருந்தால் பத்து வருஷம் இல்லை, அந்தத் தலைவலியோடு சில வாரம். இதை இப்படியே சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம்.

ரிக்வண்டி | ஜூன் 12, இரவு 11.40

அந்த ஆஸ்பத்திரி, அந்த மையம் என்று பேர் கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். வேண்டாம். நான் என் கதையைச் சொல்கிறேன்.

2013. தறி ஓட்டுபவர் ஒருவர், என் பட்டியலில் இருந்த ஆள். அப்போது எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை புதிதாக வந்திருந்தது. அதைப் போட்டால் ராத்திரி தலை சுற்றும், கன்னாபின்னாவென்று கனவு வரும், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். எல்லாருக்கும் மனப்பாடமாக அதைச் சொல்லிச் சொல்லி என் நாக்கு பழகிப்போயிருந்தது. அவர் போன் பண்ணி "தலை வலிக்குதுங்க" என்றார். முழுசாகக் கேட்கவே இல்லை. "ஆரம்பத்துல அப்படித்தாங்க இருக்கும், ராத்திரி தூங்கப் போகும்போது போடுங்க, பழகிடும்" என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சரிங்க என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பதினொன்றாவது நாள் அவர் சம்சாரம் கூப்பிட்டது.

தலை சுற்றுகிறதா, வலிக்கிறதா? எத்தனை நாளாக? மாத்திரைக்கு முன்பே இருந்ததா? மூன்றே கேள்வி. அதற்கப்புறம் நான் ஒரு போனையும் நின்றுகொண்டு பேசினதில்லை.

ரிக்வண்டி | ஜூன் 15, காலை 7.00

சித்திக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சிடி4. அது 200க்குக் கீழே இருந்தால், கிரிப்டோ ரத்தப் பரிசோதனை கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விரல் நுனி ரத்தத்திலேயே பட்டையில் பார்க்கிற டெஸ்ட் உண்டு. தலைவலி வருவதற்கு வாரங்கள் முன்னாலேயே பிடித்துவிடலாம். பாசிட்டிவ் வந்து, தலைவலியும் இருந்தால் முதுகில் நீர் எடுப்பார்கள். நம் பக்கம் "முதுகுத் தண்ணி எடுத்தா கால் வராது" என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சாலேயே கையெழுத்துப் போடாமல் ஆளைக் கூட்டிக்கொண்டு போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அது கால் நரம்பை எடுக்கிற வேலை இல்லை. உள்ளே ஏறின அழுத்தமே அந்த நீரை எடுப்பதால்தான் இறங்கும். பாதி வைத்தியம் அதுதான்.

அப்புறம் கோட்ரைமாக்சசோல். பெரிய வெள்ளை மாத்திரை, தொண்டையில் நிற்கும். விலையும் மலிவு, மரியாதையும் குறைவு. பாதிப் பேர் அதை மட்டும் தூக்கிப் போடுவார்கள். நிமோனியா, மூளைக்கட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். வறண்ட கிணற்றுக்கு மேலே போடுகிற பலகை.

உகாண்டா, ஜிம்பாப்வே, மலாவி, கென்யா நான்கிலும் சிடி4 நூறுக்குக் கீழே வந்த 1,805 பேரில் ஒரு பாதிக்கு ஏ.ஆர்.டி.யோடு பூஞ்சை மாத்திரை, டி.பி. தடுப்பு, பூச்சி மாத்திரை என்று ஒரு கட்டே சேர்த்துக் கொடுத்தார்கள். 24 வாரத்தில் சாவு நூற்றுக்கு 12இலிருந்து 9 ஆனது. சின்ன எண் போலத் தெரியும். அந்த மூன்று பேரில் ஒருவர் உங்கள் வீட்டு ஆள் என்று நினைத்துப் பாருங்கள்.

ரிக்வண்டி | ஜூன் 15, காலை 7.25

எடையை மறந்துவிட்டேன். மையத்தில் போனதும் தராசில் ஏறச் சொல்வார்கள். பலர் செருப்போடு ஏறுவார்கள், பையோடு ஏறுவார்கள், சிலர் எடை குறைந்தது தெரியக் கூடாதென்று வாட்டர் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு. அப்படிச் செய்தவன் நானே. சிஸ்டர் வேட்டி மடிப்பைத் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

ஒல்லி உடம்பும் சோகையும் சிடி4ஐப் போலவே பேசும். சிடி4 ரிப்போர்ட் வர நாளாகும், தராசு அங்கேயே சொல்லிவிடும். மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறாமல் இறங்கினால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி டி.பி.க்குத் தேட வேண்டும்.

ரிக்வண்டி | ஜூன் 16, மாலை 5.15

நடுவில் ஒருவர் நுழைந்து லேகியம் பரிந்துரைத்திருக்கிறார். ஐயா, 2004இல் அதே மாதிரி ஒரு டப்பா நானும் வாங்கினேன், இரண்டு வெள்ளாடு விற்று. மூன்று மாதத்தில் வைரஸ் போய்விடும் என்றார்கள். மூன்று மாதத்தில் போனது ஆறு கிலோ. ஆடுகள் நன்றாக இருந்தன.

ரிக்வண்டி | ஜூன் 20, இரவு 10.10

ஆண்கள் ஏன் அதிகம் சாகிறார்கள் என்று கேட்டவருக்கு. உடம்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கர்ப்பமானதும் பெண்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் பார்த்துவிடுவார்கள். தாலி கட்டினவனை யார் பிடித்துப் பார்ப்பது? அவன் விழுந்தபிறகுதான் வருவான். பெண் சிடி4 350இல் வருவாள், ஆண் 50இல் வருவான். அதோடு குடி. மாத்திரையையும் குவார்ட்டரையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, மாத்திரையை விட்டுவிடுவார்கள். குவார்ட்டரை விட்டவரை நான் பார்த்ததில்லை. குடித்த நாளிலும் மாத்திரையைப் போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்ததற்கு எனக்கு மீட்டிங்கில் திட்டு விழுந்தது. இன்றும் அதையே சொல்வேன்.

இனி என் பழைய வேலை. மூன்று மாதம் மாத்திரை வாங்க வராதவர் எல்.எஃப்.யு. பட்டியலில் ஏறுவார். பட்டியலைக் கையில் கொடுத்துத் தேடு என்பார்கள். முகவரி பாதி பொய். "பிள்ளையார் கோயில் பின்புறம்" என்று இருக்கும், அந்த ஊரில் நான்கு பிள்ளையார். யார் என்று சொல்லாமல் கேட்க வேண்டும். நான் எல்.ஐ.சி. ஏஜென்ட், கேஸ் கம்பெனி ஆள், ஒரு தடவை பெண் கேட்டு வந்த தரகர் என்றெல்லாம் வேஷம் போட்டிருக்கிறேன். தரகர் வேஷத்தில் நிஜமாகவே ஒரு ஜாதகம் கொடுத்துவிட்டார்கள்.

தேடிப் போனால் சிலர் வேறு மையத்துக்கு மாறிச் சந்தோஷமாக இருப்பார்கள். சிலர் நிறுத்தியிருப்பார்கள். மீதி வீடுகளில் படத்துக்கு மாலை. பதிவேட்டில் "வரவில்லை" என்று இருப்பவர்களில் கணிசமானவர் செத்தவர். ஆகவே "எங்கள் மையத்தில் இறப்பு இவ்வளவுதான்" என்று யாராவது காட்டினால், பக்கத்துக் கட்டத்தில் எத்தனை பேர் காணவில்லை என்று நான் முதலில் பார்ப்பேன்.

நிறுத்தியவர்கள் எல்லாம் சொல்வது ஒன்றே: "நல்லாத்தானே இருக்கேன்." விட்டு விட்டுப் போட்டால் மருந்தின் பக்கவிளைவு குறையுமே என்று டாக்டர்களே ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. 5,472 பேரிடம் அதைச் சோதித்தார்கள். சிடி4 350க்கு மேல் போனால் நிறுத்து, 250க்குக் கீழே வந்தால் ஆரம்பி. 2006 ஜனவரியில் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தி நிறுத்திப் போட்டவர்களுக்குச் சாவும் கடும் நோயும் இரண்டரை மடங்குக்கு மேல். எய்ட்ஸால் மட்டும் இல்லை, மாரடைப்பு, கிட்னி, கல்லீரல் என்று எல்லாப் பக்கமும். மோட்டார் ஓடினால் கிணறு மட்டும் வற்றுவதில்லை, மொத்தத் தோட்டமும் சூடாகிறது.

ரிக்வண்டி | ஜூன் 28, இரவு 9.45

பத்து வருஷம் தாண்டினவர்கள் எதில் சாகிறார்கள் என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. இது என் கட்சி, ஆகவே ஆர்வத்தோடு எழுதுகிறேன்.

எங்கள் செட் ஆட்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முதலில் கொடுத்த ஸ்டாவுடின் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய கன்னத்தோடு ஒருவர் எதிரே வந்தால் இருவரும் ஒரு நொடி பார்த்துவிட்டு, தெரியாதவர்கள் போல நடப்போம். பாதம் எரியும். ராத்திரி ஈரத்துணி சுற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அந்த மருந்து போய்விட்டது, கன்னம் திரும்பி வரவில்லை.

இப்போது என் கூட்டாளிகள் போவது எல்லாரும் போகிற வழியில்தான். சர்க்கரை, இதயம், கிட்னி, பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். கொஞ்சம் முன்கூட்டியே வருகிறது, அதுதான் வித்தியாசம். வைரஸ் அடங்கினாலும் உள்ளே லேசான கொதிப்பு இருந்துகொண்டே இருக்கிறதாம், அது ரத்தக்குழாயைக் கெடுக்கிறது. கொழுப்புக்குக் கொடுக்கிற பிடாவஸ்டாடின் மாத்திரையை, எச்.ஐ.வி. உள்ள 40 வயது தாண்டிய 7,769 பேரிடம் பார்த்தார்கள், நம் நாட்டவரும் அதில் உண்டு. இதய நோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2023இல் சொன்னார்கள். அடுத்த முறை போகும்போது எனக்கும் கேட்கப் போகிறேன்.

டென்மார்க்கில் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. 35 வயதில், சிகிச்சையில் இருக்கும் ஆளின் ஆயுளில் எச்.ஐ.வி. தின்பது சுமார் 5 வருஷம். புகைபிடித்தால் சிகரெட் தின்பது 12 வருஷம். இதை முதன்முதலில் படித்தபோது என் கையில் பீடி இருந்தது. வைரஸுக்குப் பயந்து தாம்பரம் வரை ஓடினவன், இருபத்தைந்து பீடிக் கட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

விட்டேனா என்று கேட்காதீர்கள். நாளைக்கு நான்கு.

ரிக்வண்டி | ஜூலை 1, காலை 6.40

இரண்டு திருத்தம். ஒன்று, கோட்ரைமாக்சசோலை எப்போது நிறுத்துவது என்று ஒருவருக்குத் தனிச்செய்தியில் "200 தாண்டினால் போதும்" என்று சொல்லிவிட்டேன். அது என் காலத்து ஞாபகம். இங்கே 350க்கு மேல், ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை வந்த பிறகுதான் நிறுத்துகிறார்கள். அதையும் டாக்டர்தான் நிறுத்த வேண்டும், நான் அல்ல.

இரண்டு, டி.பி. மருந்தும் டி.எல்.டி.யும் சேர்ந்து சாப்பிடுபவர்கள் கவனிக்க. ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதற்காக 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் மட்டும் தனியாக இன்னொரு மாத்திரை தருவார்கள். "ஒரு நாளைக்கு ஒன்றுதானே" என்று அதைப் பெட்டியில் போட்டு வைத்த ஒருவர் நேற்று போன் பண்ணினார். உட்கார்ந்துதான் பேசினேன்.

நூல்கண்டு | ஜூலை 14, இரவு 9.20

அண்ணா, சித்தியின் சிடி4 412. எக்ஸ்ரே சுத்தம். எச்.பி. 11. ஆனால் அவர் அண்ணன் இப்போது புதிதாக ஒன்று பிடித்துக்கொண்டார். "412 இருக்குதுன்னா நல்லாத்தானே இருக்கா, இறங்கும்போது ஆரம்பிச்சாப் போதாதா" என்கிறார்.

ரிக்வண்டி | ஜூலை 14, இரவு 9.50

அம்மணி, அவர் அரசாங்கம் பேசின பேச்சைத்தான் பேசுகிறார், என்ன, கொஞ்சம் லேட். 2004இல் 200க்குக் கீழே வந்தால்தான் மாத்திரை. அப்புறம் 350 ஆக்கினார்கள், அப்புறம் 500. 2017இலிருந்து எண்ணே பார்ப்பதில்லை, பாசிட்டிவ் என்றால் மாத்திரை. ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் 2015இல் முடிந்த ஒரு சோதனையைச் சொல்லுங்கள். சிடி4 500க்கு மேல் இருந்த 4,685 பேர். பாதிப் பேருக்கு உடனே மாத்திரை, பாதிப் பேருக்கு இறங்கட்டும் என்று காத்திருப்பு. உடனே ஆரம்பித்தவர்களுக்குக் கடும் நோயும் சாவும் 57 சதவீதம் குறைவு. உங்கள் சித்தியை விட நல்ல நிலையில் இருந்தவர்களுக்கே அப்படி.

சித்தப்பா "இறங்கும்போது" வந்தவர்தான். 31இல். இதை அந்த அண்ணனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், சித்தி சொல்லட்டும்.

நூல்கண்டு | ஜூலை 19, இரவு 10.30

சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லையாம். வெளியே போய்த் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். இன்று காலை அவர்தான் வண்டியில் மையத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே வரவில்லை, டீக்கடையில் நின்றிருக்கிறார். 30 மாத்திரை உள்ள பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். சித்திக்கு இப்போது வேறு கவலை. பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனால் கலகலவென்று சத்தம் வருகிறது, பக்கத்து மிஷின்காரி என்னவென்று கேட்கிறாளாம்.

ரிக்வண்டி | ஜூலை 19, இரவு 10.45

பாட்டிலுக்குள் மேலாகக் கொஞ்சம் பஞ்சை அடைக்கச் சொல்லுங்கள், சத்தம் வராது. உள்ளே இருக்கும் சின்ன உலர்பையை மட்டும் எறிய வேண்டாம், மாத்திரை நமத்துப் போகும். லேபிளைக் கிழிக்க வேண்டுமென்றால் தேதி எழுதின துண்டை வைத்துக்கொண்டு கிழிக்கட்டும். மில்லுக்கு எடுத்துப் போகவே தேவையில்லை, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டிலேயே போடலாம்.

30 மாத்திரை ஆகஸ்ட் 17 ராத்திரியோடு தீரும். 18 ஞாயிற்றுக்கிழமை. சுதந்திர தினம் வேறு நடுவில் வருகிறது. 13, 14 தேதியிலேயே போய் வாங்கிவிடச் சொல்லுங்கள். டீக்கடையில் நின்ற அந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு.

ரிக்வண்டி | ஜூலை 20, காலை 5.50

பஞ்சு என்றதும் ஞாபகம் வந்தது. மில்லிலிருந்து எடுத்த கழிவுப் பஞ்சு வேண்டாம், எண்ணெய் இருக்கும். மெடிக்கலில் சுத்தமான பஞ்சு வாங்குங்கள்.